பொன்னாங்கண்ணியும் வெறும் தண்ணீரும்

போன மாதம் என் பழைய வேலைத்தலத்திலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தார்கள். மண் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். கையில் வண்ணப் படம் போட்ட தாள்கள். கெட்டுப்போன மண்ணில் சில செடிகளை நட்டால், அவை ஈயம் போன்ற உலோகங்களை வேரால் உறிஞ்சி மண்ணைச் சுத்தமாக்கிவிடுமாம். கினிகத்தேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி முன்பே செய்து பார்த்ததாகப் பழைய கோப்பில் படித்தார்களாம். கோப்பில் என் கையெழுத்து இருந்ததாம்.

"செடி உறிஞ்சுறது உண்மைதாங்க. உறிஞ்சின செடிய அப்புறம் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அத இன்னும் பிளான்ல சேர்க்கல அங்கிள்," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபமில்லை. அந்தத் தாளின் மேல்தான் சந்தேகம். அதில் செடி இருந்தது, வேர் இருந்தது, கீழே கறுப்புப் புள்ளிகளாக ஈயம் இருந்தது. மனிதர் ஒருவர்கூட இல்லை. தேத்தண்ணி கொடுத்து, கதையில் பாதியைச் சொல்லி அனுப்பினேன். மீதிப் பாதியைச் சொல்ல அன்று வாய் வரவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர்கள். நான் ஹட்டனில் படித்து, பங்குச் சாமியாரின் கடிதத்தோடு, எழுபதுகளின் தொடக்கத்தில் நானுஓயாவுக்குப் பக்கத்தில் இருந்த மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் போத்தல் கழுவினேன். மூன்றாவது வருஷம், நான் கழுவிய போத்தல்கள் கழுவப்படவே இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதைத் தெரிய வைத்தவர் ரத்நாயக்க சார்.

அவர் எங்கள் இரசாயன அதிகாரி. மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அலமாரியைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். தேத்தண்ணியைக் குடிக்கும் முன் கோப்பையின் அடியைப் பார்ப்பார். போத்தலில் ஒட்டிய சீட்டை வாசித்துவிட்டு, அதை எழுதியவனைக் கூப்பிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார். இனம், மதம் பார்க்காமல் எல்லாரையும் ஒரே அளவில் சந்தேகித்தார். அந்தக் காலத்தில் என்னைப் போன்றவனுக்கு அதுவே பெரிய மரியாதை. என்னோடு அவர் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஈயச் சோதனையை அவர்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். இலையைக் காய வைத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு, உலையில் வெண்சாம்பலாகும் வரை எரிக்க வேண்டும். சூடு கூடினால் ஈயம் ஆவியாகப் போய்விடும் என்று உலைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். சாம்பலை அமிலத்தில் கரைத்து, அளவாக அமோனியா சேர்த்து, அடியில் திருகு வைத்த கண்ணாடிக் கூம்பில் ஊற்றுவோம். அதில் டைதைசோன் என்ற பச்சைத் திரவத்தை விட்டுக் குலுக்க வேண்டும். ஈயம் இல்லையென்றால் பச்சை பச்சையாகவே இருக்கும். இருந்தால் சிவந்துவிடும்.

இத்தனையும் செய்யும்போது கூடவே இன்னொரு கூம்பிலும் அதே வேலை நடக்கும். அதில் இலை இருக்காது, மண் இருக்காது. காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர் மட்டும். அதற்கும் அதே அமிலம், அதே பச்சை, அதே குலுக்கல். அது சிவந்தால் கோளாறு நம் போத்தலில், நம் கையில் என்று அர்த்தம். அன்றைய வேலை முழுவதையும் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். காலையில் வந்ததும் சார் கேட்கும் முதல் கேள்வி, "வெறும் போத்தல் என்ன நிறம்?" என்பதுதான். குட் மோர்னிங் எல்லாம் அதற்குப் பிறகு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், நான் பெயர் சொல்ல விரும்பாத அந்தத் தோட்டத்தின் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், ஏழு பிள்ளைகளுக்கு விடாத வயிற்று வலி. முகம் வெளிறிப்போகிறது. இரண்டு பேருக்கு ஈறில் நீலக் கோடு. தனக்கு ஈயத்தின் மேல் சந்தேகம் என்றும், தண்ணீரையும் சாப்பாட்டையும் சோதித்துத் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். சார் என்னை அனுப்பினார்.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் ராக்கம்மா. நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. காலையில் குழந்தைகளை வாங்கிக்கொண்டு, நடுப்பகலில் அவரே சமைத்துப் போடுவார். மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த பஞ்ச வருஷங்களில், தொழிற்சாலைக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலத்தைத் தோட்டம் அவரிடம் விட்டிருந்தது. அதில் அவர் பொன்னாங்கண்ணி போட்டார். ஆலையின் சாம்பலும் தேயிலைத் தூசியும் விழுந்து விழுந்து, கீரை முழங்கால் உயரம் நின்றது. சுற்றிலும் முள் அடைத்திருந்தார். பிள்ளைகளின் சோற்றில் தினமும் அந்தக் கீரை இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நானே அவரைத்தான் சந்தேகித்தேன். ஏன் முள் அடைக்க வேண்டும்? ஏன் வேறு யாரையும் பறிக்க விடுவதில்லை? ஊரும் அதையேதான் கேட்டது. செல்லம் என்ற கொழுந்துக்காரப் பெண் என்னைப் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளைக்குப் புள்ள இல்லீங்க. எங்க புள்ளைகளப் பாத்து வயிறெரியுது. சோத்துல எதையோ வச்சிட்டா. நீங்க தண்ணியப் பாத்து என்ன செய்ய, அவ கையப் பாருங்க."

தண்ணீருக்காகக் கொண்டுபோன கண்ணாடிப் போத்தல்கள் நிரம்பிவிட்டன. கீரை எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. தொழிற்சாலை ஸ்டோரில் ஒரு தாள் கேட்டேன். பழைய தேயிலைப் பெட்டியின் உள்ளே விரிக்கும் சாம்பல் நிறத் தகடு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அது இல்லாத வீடு கிடையாது. ரொட்டி சுற்றுவதும் அதில்தான், ஒழுகும் கூரையில் செருகுவதும் அதைத்தான். ஈரம் போகாது, இலை வாடாது. அழகாக நான்கு மடிப்பு மடித்து எடுத்துப்போனேன்.

சோதனையில் தண்ணீர் பச்சை. கீரை இரத்தச் சிவப்பு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம், கண்டுபிடித்துவிட்டேன் என்று. சார் கூம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெறும் போத்தல்?"

"பச்சை சார்."

"கீரையை எதில் கொண்டுவந்தாய்?"

குப்பைக்கூடையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதை நகத்தால் கீறினார். வளைத்தார். அது சத்தமில்லாமல் வளைந்தது. ஒரு விரல் நீளத் துண்டை அமிலத்தில் போட்டுச் சோதித்தார். அதுவும் இரத்தச் சிவப்பு. அலுமினியத் தகடு வருவதற்கு முன், வெள்ளைக்காரன் காலத்தில், பெட்டிக்கு ஈயத் தகடுதான் விரித்தார்கள். பிறந்ததிலிருந்து அதில் ரொட்டி தின்று வளர்ந்த எனக்கு அது ஈயம் என்று தோன்றவே இல்லை.

"இப்போது சிவந்தது கீரையா, தகடா?" என்றார் சார். திட்டவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். தண்ணீரில் குறையில்லை, கீரை சரியாகப் பொதி செய்யப்படாததால் அதைப் பற்றி எதுவும் கூற இயலாது, மீண்டும் எடுக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

கடிதம் ஆங்கிலத்தில் போனது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அதை வாசித்துவிட்டுப் பெரட்டில், ஆட்கள் எல்லாரும் வேலைக்கு நிற்கும் இடத்தில், "தண்ணியிலயும் கீரையிலயும் ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டார். தண்ணீரில் இல்லை, கீரையில் இல்லை என்றால் மிச்சம் சமைத்தவளின் கைதானே. அன்றே ராக்கம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். அவளும் அதே பாத்தியில் அதே கீரையைப் பறித்து அதே பிள்ளைகளுக்குச் சமைத்தாள். கீரையில்தான் ஒன்றுமில்லையே.

பாதையில் மண்சரிவு, ஜீப்பில் பழுது என்று நாங்கள் திரும்பிப் போக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் செல்லத்தின் மகளுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராக்கம்மா தூரத்தில் இருந்தே செய்வினை செய்கிறாள் என்று பேச்சு. என் மடிப்பு நேராக இருந்ததே தவிர, புத்தி நேராக இல்லை.

இரண்டாம் முறை சாரே வந்தார். நாங்கள் போனபோது ராக்கம்மா பிள்ளைக்காம்பராப் படியில் உட்கார்ந்து, எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு சட்டிக் கீரையைத் தின்றுகொண்டிருந்தார். தினமும் இப்படித்தானாம்.

"என்னங்க செய்றீங்க?" என்றேன்.

"சாப்பிடுறேங்க ஐயா. அதே பாத்தி, அதே சட்டி. நான் ஏதும் வச்சிருந்தா நான்தானே மொதல்ல சாவணும்? பாக்கட்டும். கீரையில ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

சட்டியை அவர் எடுத்த விதத்தைச் சார் கவனித்தார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே தொங்கியது. இடது கையால் தூக்கி, வலது கையை முட்டுக் கொடுக்க மட்டும் வைத்திருந்தார். "குளிருக்குப் புடிச்சிருக்கு" என்றார். டிஸ்பென்சர் என் காதோடு, "ஈயம் நரம்பப் புடிச்சிருச்சு, தம்பி. இவங்க வருஷக்கணக்கா திங்கிறாங்க," என்றார். நான் சட்டியைப் பிடுங்கி வைத்தேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. என் தகட்டைப் பற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சார் கீரையைத் தானே எடுத்தார். கத்தி இல்லை, கையால் ஒடித்தார், அதுவும் தண்ணீரில் மூன்று முறை கழுவிய கையால். இலையையும் மூன்று முறை கழுவி, மூன்றாவது கழுவிய நீரைத் தனிப் போத்தலில் வைத்தார். மேட்டு லயத்துக்குப் பின்னாலிருந்து வேறொரு பாத்திப் பொன்னாங்கண்ணியும் எடுத்தார். பிறகு மரக்குச்சியால் மண்ணைக் கிளறி, பூதக்கண்ணாடியில் பார்த்தார். அரிசிக் குருணை போல் சாம்பல் நிறத் துணுக்குகள்.

தொழிற்சங்கத் தலைவர் மாணிக்கம் பக்கத்தில் நின்றார். இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவரிடம் கேட்கச் சொன்னார் சார்.

"எங்கப்பா காலத்துல ஈயக் கொட்டகைங்க," என்றார் மாணிக்கம். "பெட்டித் தகட்ட இங்கதான் வெட்டி, உருக்கி ஒட்டுவாங்க. மிச்சமெல்லாம் இங்கேயே கெடந்து மண்ணு மூடிருச்சு."

கூடத்தில் முடிவு தெளிவாக வந்தது. வெறும் போத்தல் பச்சை. கழுவிய நீர் பச்சை. மேட்டு லயத்துக் கீரை பச்சை. ராக்கம்மாவின் கீரை மட்டும் சிவப்பு. தூசியாக வெளியே ஒட்டியிருக்கவில்லை. இலைக்கு உள்ளேயே இருந்தது. எங்கள் மலை மண் புளிப்பு மண். அதில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, கீரை அதை உறிஞ்சி இலைக்கு ஏற்றுகிறது, தனக்கு ஒரு வாட்டமும் இல்லாமல் செழித்து நிற்கிறது. கடித்தால் கசப்புகூட இல்லை. நான் சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் அந்தச் செடிதான், அதை விட்டுவிட்டு எல்லாரையும் சந்தேகித்திருந்தேன்.

மறுநாளே, கூம்பும் பச்சைத் திரவமும் வைத்த சோதனைப் பெட்டியோடு தோட்டத்துக்குப் போனோம். இந்த முறை பெரிய கிளாக்கரிடம் கடிதம் கொடுக்கவில்லை. கீரையை முழுவதும் பிடுங்க வேண்டும், எரிக்கக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது, பழைய எண்ணெய்ப் பீப்பாயில் அடைத்து மூடித் தாரால் பூச வேண்டும் என்று சார் நின்று சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பிடுங்க யாரும் முன்வரவில்லை. ராக்கம்மாதான் இடது கையால் பிடுங்கினார். "நான் நட்டது, நானே புடுங்குறேன்" என்று சொல்லிவிட்டு, மண்ணோடும் வேரோடும் ஒன்று விடாமல் பிடுங்கினார். பிற்காலத்தில் சார் அதே இடத்தில் கம்பி வேலி போட்டுக் கடுகு விதைத்துச் சில போகம் பிடுங்கிப் பார்த்தார். பீப்பாய்கள்தான் கூடின. மண்ணில் பெரிய மாற்றம் இல்லை. போன மாதம் வந்த இளைஞர்கள் படித்த கோப்பு அதுதான்.

கீரை பிடுங்கிய அன்று, பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். கூடைகளோடு பெண்கள் கூடியிருந்தார்கள். நான் விஷயத்தைத் தமிழில் சொன்னேன். ஈயம் மண்ணில் இருந்தது, மண்ணிலிருந்து கீரைக்கு வந்தது, ராக்கம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். எல்லாரும் கேட்டார்கள். பின்னாலிருந்து செல்லத்தின் குரல் வந்தது. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள், பேச்சு மட்டும் முன்போல் வரவில்லை.

"மண்ணுல இருந்துச்சு, கீரைக்கு வந்துச்சு. சரிங்க ஐயா. அத அங்க கொண்டுபோயி நட்டது யாரு?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அப்போது ராக்கம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, எங்கள் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, அந்தப் பச்சத் தண்ணியிலதான் எல்லாம் தெரியுமாமே. என் கையக் கழுவி அதுல ஊத்துங்க. செவந்துச்சுன்னா இப்பவே இந்தத் தோட்டத்த விட்டுப் போயிர்றேன். செவக்கலேன்னா, இவங்க புள்ளைய என் கையில குடுக்கட்டும்."

"அதான் நியாயம்," என்றது கூட்டம். மாணிக்கமும், "மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்றதுக்குப் பதிலா இது. பாத்துருங்க ஐயா," என்றார்.

இந்தச் சோதனைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இன்றைக்குக் கையில் இருப்பது என்றைக்கோ சோற்றில் போட்டதைச் சொல்லாது. அதை எப்படி விளக்குவது என்று தேடிக்கொண்டே அவர் நீட்டிய கைகளைப் பார்த்தேன். ஒன்று தொங்கியது. இரண்டின் நகக்கண்ணிலும் மண். காலையில் முழுப் பாத்தியையும் பிடுங்கிய மண். கழுவி ஊற்றினால் சிவக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டேன் என்றால் அதையும் பயம் என்பார்கள்.

சாரைப் பார்த்தேன். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் பேச வராதே தவிர, புரியும்.

ராக்கம்மாவின் கைகளைக் காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவினேன். அந்த நீரை ஒரு போத்தலில் பிடித்தேன். பழக்கப்படி இன்னொரு போத்தலில் வெறும் நீரும் வைத்தேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. பெட்டிக்குள் குனிந்து, ஒன்றை எடுத்துக் கூம்பில் ஊற்றி, அமோனியா விட்டு, பச்சையை விட்டு, கூட்டம் பார்க்கக் குலுக்கினேன். பச்சை பச்சையாகவே நின்றது.

கூம்பை உயரத் தூக்கிக் காட்டினேன். செல்லம் முன்னால் வந்து, இடுப்பில் இருந்த மகளை ராக்கம்மாவிடம் கொடுத்தாள். வலது கையால் பிடிக்க முடியாது என்று தெரிந்து, பிள்ளையை இடது பக்கமாகவே சாய்த்துக் கொடுத்தாள். "மன்னிச்சிரு அக்கா," என்றாள். ராக்கம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கியது. நான் கூம்பைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அந்தக் கை கொஞ்சம் தேறியது, ஆனால் திரும்பவும் கூடை சுமக்கிற கையாக ஆகவில்லை. தோட்டம் அவரை மறுபடி வேலைக்கு எடுத்தது; பென்சன் எடுக்கும் வரை பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தார்.

ஜீப் கினிகத்தேனையைத் தாண்டியது. சார் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"பெனடிக்ட், வெறும் போத்தல் என்ன நிறம்?"

"பச்சை சார்."

"ஹரி," என்றார், சரி என்று. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரிப் பூட்டைப் பத்தடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர்.

மறுநாள் காலை, சார் வருவதற்கு முன், பெட்டியில் மிச்சமிருந்த மற்றப் போத்தலை எடுத்துச் சோதித்தேன். குலுக்க ஆரம்பித்ததுமே சிவந்துவிட்டது. அதைத் தொட்டியில் ஊற்றி, கூம்பை மூன்று முறை கழுவிக் கவிழ்த்தேன். சார் வந்து, கவிழ்ந்திருந்த கூம்பைப் பார்த்து, அதிலிருந்து சொட்டிய தண்ணீரையும் பார்த்து, "குட் மோர்னிங்" என்றார். அன்றைக்கு மட்டும் அதை முதலில் சொன்னார்.